வால்கைரி ஆடிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று என் ரிஃப்டை, கண்ணில் மாட்டும் அந்த விஆர் (மெய்நிகர் உலகம் காட்டும்) ஹெட்செட்டை, பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் விற்றுவிட்டேன். லென்ஸில் இருந்த கீறலைக் காட்டி விலையைக் குறைத்தார்கள், நான் பேரம் பேசவில்லை. அதில் நாம் ஆடிய விண்வெளிச் சண்டை கேம் ஈவ் வால்கைரியின் சர்வரையே அணைத்துவிட்டார்கள். அப்புறமும் ஹெட்செட்டை அலமாரியில் வைத்திருந்தது உனக்காகத்தான். அல்சூர் வீட்டுக்கு வந்து ஒருநாள் கேட்பாய் என்று நினைத்தேன்.

நீ முதலில் அதை மாட்டிய ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? ஆட்டம் தொடங்கி, தாய்க்கப்பலின் குழாயிலிருந்து உன்னை வெளியே எறிந்ததும் "அண்ணா, கீழ ஒண்ணுமே இல்லண்ணா" என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாய். இரண்டாவது ஆட்டத்திலேயே, தலைக்கு மேலே போன எதிரியைக் கழுத்தை நிமிர்த்திப் பார்த்து, பார்வையாலேயே ஏவுகணையை லாக் செய்தாய். கப்பலைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்ப எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மானிட்டரில் ஆடிய எந்த விண்வெளிச் சண்டையிலும் எனக்கு அது கிடைத்ததில்லை.

மூன்றாவது ஆட்டத்தில் உன் முகம் வெளுத்துவிட்டது. உடம்பு நாற்காலியில் அசையாமல் இருக்க, கண்ணுக்கு மட்டும் உலகம் சுழன்றால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒத்துக்கொள்ளாது. சுற்றிலும் அசையாத காக்பிட் தெரிவதால் பலருக்குத் தாங்கும், ஆனால் கப்பலை உருட்ட ஆரம்பித்தால் அதுவும் போதாது. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் "பழகிடும்டா, இன்னொண்ணு ஆடு" என்றேன். விடியவிடிய வாளியோடு உட்கார்ந்திருந்தாய். மறுநாள் காலை நீ போகவேண்டிய இடத்தைப் பற்றி இங்கே எழுதமாட்டேன், அம்மா இதைப் படிப்பாள். தப்பு என்னுடையதுதான், மன்னித்துக்கொள்.

ஆனால் "போதும்" என்று நீயும் சொல்லவில்லையே. நாலாவது ஆட்டத்துக்கு நீயேதானே பட்டனை அழுத்தினாய்? அதைச் சொல்லாமல், தர்மபுரியில் சித்தப்பா வீட்டில் எல்லோர் முன்னாலும் "அண்ணனோட கேமாலதான்" என்றாய். இன்னும் வலிக்கிறது.

"அது ஒரு மாசத்து கேம்" என்றும் சொன்னாய். அதில் பாதி உண்மை. மேப்கள் குறைவு, தனியாக ஆட அவ்வளவாக ஒன்றும் இல்லை, எதிரே ஆட்கள் இருந்தால்தான் அதற்கு உயிர். 2016இல் ஹெட்செட் மட்டும் 599 டாலர், அதற்கு மேல் நல்ல கம்ப்யூட்டர் வேறு. அப்புறம் ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்? 2017 செப்டம்பரில் அதே கேமின் புதிய பதிப்பான வார்சோன் வந்து, ஹெட்செட் இல்லாமலும் ஆடலாம் என்று ஆனது. அன்று ராத்திரியே உனக்கு எழுதினேன்: இனி தலை சுற்றாது, நீ லேப்டாப்பில் வா, நான் ரிஃப்டில் வருகிறேன், ஒரே அணியில் ஆடலாம் என்று. இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. அடுத்த மாதமே கேமை உருவாக்கிய சிசிபி நிறுவனம் விஆர் வேலைகளை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கு நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு மாதம் நமக்கு இருந்தது. நீ வரவில்லை.

ரிஃப்டோடு வந்த கேம்பேடைக் கடையில் கொடுக்கவில்லை. டிவி மேசை டிராயரில் இருக்கிறது. அதற்கு ஹெட்செட் வேண்டாம்.

அண்ணன்