ஆண்டறிக்கை: பலகை எலும்பும் மற்ற விவகாரங்களும்

அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒன்பது நடந்தன. மூன்று மழையாலும் முகூர்த்த நாளாலும் தள்ளிப்போய் அப்படியே நின்றுவிட்டன. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடத்தினோம். வாரணவாசி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வந்தோம்.

இனி, எல்லோரும் சாடையாகக் கேட்கும் பலகை விஷயம். படிப்பக வாசலில் நிற்கும் அந்த இரண்டு மீட்டர் ஒட்டுப்பலகை, செயலாளரான என் வீண் ஆசை அல்ல. நம் அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில் கிடைத்த டைனோசர் ஒன்றின் கால் எலும்பின் அளவு அது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர். அர்ஜென்டினோசாரஸ் என்று உலகமே வாய்பிளக்கும் ராட்சத டைனோசரின் கீழ்க்கால் எலும்பு ஒன்று 1.55 மீட்டர்தான்.

யாதகிரி, அய்யாசாமி என்ற புவியியலாளர்கள் 1980களின் இறுதியில் இதை விவரித்து, புருஹத்காயோசாரஸ் மட்லேயி என்று பெயர் வைத்தார்கள். பிருகத் காயம் என்றால் பேருடல். பின்பாதி, திருச்சிப் பக்கத்து டைனோசர்களைப் பற்றி 1929இல் எழுதிய மேட்லியின் நினைவாக. கிடைத்தவை இடுப்பெலும்பு, தொடை எலும்பின் துண்டு, கால் எலும்பு, முன்கை எலும்பு, வால் முள்ளெலும்பு ஒன்று, அவ்வளவே. முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகுதான் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணிகளின் கூட்டத்தில் சேர்த்தார்கள். நூறு டன்னைத் தாண்டியிருக்கும் என்ற மதிப்பீடுகளும் உண்டு.

“அது எலும்பே இல்லை, கல்மரம்”, அதாவது கல்லாகிப்போன பழைய மரம், என்று ஒரு மூத்த உறுப்பினர் கூட்டத்திலேயே சொன்னார். பக்கத்துச் சாத்தனூரிலேயே 18 மீட்டர் கல்மரம் கிடக்கும்போது அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கும் வந்தது. ஆனால் 2022இல் அந்த எலும்பின் பழைய புகைப்படங்கள் வெளிவந்த பின் அந்தப் பேச்சு வலுவிழந்துவிட்டது. அவரிடம் படங்களைக் காட்ட நினைத்தேன். அப்புறம் அவர் கூட்டத்துக்கே வரவில்லை.

எலும்பை நேரில் காட்ட வழியில்லை. களத்திலேயே உதிரத் தொடங்கி, ஆய்வகம் போய்ச் சேருமுன் பொடியாகிவிட்டது. மிச்சம் அளவும் படமும்தான். அதனால்தான் பலகை.

கல்லமேடு பயணத்துக்கு வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் இருபத்தொரு பேர். வேனில் ஏறியவர்கள் ஓட்டுநரோடு ஏழு பேர். வேன் வாடகை ஏழு பேருக்கென்று குறையாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். தயிர்சாதப் பொட்டலங்கள் மீந்ததையும்.

வரவு செலவு ஏறத்தாழச் சரிக்குச் சரி. விவரம் பொருளாளரின் நோட்டில் உள்ளது. சந்தா பாக்கி வைத்திருப்போரின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பாதிப் பேருக்கு மேல் என்று மட்டும் சொல்லலாம், அதில் போன வருடம் என்னிடம் கணக்குக் கேட்டவர்களும் உண்டு.

இடம் தந்த படிப்பகத்தார், பலகையைக் கூலி வாங்காமல் அறுத்துக் கொடுத்த தச்சர், தேநீர்க் கடைக்காரர் எல்லோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இடுப்பெலும்பையும் பலகையில் செய்ய எண்ணம். இருக்கிற பணத்தில் அதன் விளிம்புகூட வராது. வேறு யாராவது செயலாளராக வர விரும்பினால் சாவியை இன்றே தருகிறேன். இல்லையென்றால், கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசல் மேசையில்தான் இருப்பார். ரசீதுப் புத்தகம் புதிது.