ஆளில்லாக் கயிறும் அம்பாப் பாட்டும்

திருகோணமலை
யூலை நடுப்பகுதி

அன்பின் மச்சான்,

உன்ட கடிதம் கிடைச்சுக் கனநாளாகுது. அக்காட மகள்ட கலியாணம், அது முடிய வீட்டு ஓடு மாத்துற வேலை எண்டு எல்லாம் இழுபட்டுப் போச்சு. முழங்கால் ஒப்பரேஷன் சுகமா முடிஞ்சதெண்டு அறிஞ்சு சந்தோஷம். டொக்டர் சொல்லுறதை நீ கேட்கமாட்டாய், மச்சாள் சொல்லுறதையாவது கேள்.

நீ எழுதின அந்தத் தவறணைப் பாட்டுக் கதையைத் திரும்பத் திரும்ப வாசிச்சன். மைக்கும் இல்லை, மேடையும் இல்லை, ஒருத்தர் எழும்பி நிண்டு முன்னுக்குப் பாட, மிச்ச ஆக்கள் கிளாஸைக் கையில வச்சுக்கொண்டே பின்பாட்டு எடுத்தாங்கள் எண்டு எழுதியிருந்தாய். பாய்க்கப்பலில நங்கூரம் தூக்கவும் பாய் ஏத்தவும் பாடின பாட்டுகளாம். நீராவிக் கப்பல் வர அந்தப் பாட்டுகளுக்கு வேலையில்லாமல் போச்சாம். கடைசிக் கப்பல்பாட்டுக்காரன் எண்டு ஸ்டான் ஹியூகிலைச் சொல்லுறவங்களெண்டும், அந்தாள் பாடிக்கொண்டு போன கார்த்பூல் கப்பல் 1929இல கேப் வேர்ட் தீவுப் பக்கம் மோதி உடைஞ்சதெண்டும் நீ எழுதினதை என்ட மகனுக்கும் வாசிச்சுக் காட்டினன்.

அதைக் கேட்கேக்க உனக்கு எங்கட கரைவலை ஞாபகம் வந்ததாம். எனக்குப் போன சனிக்கிழமை நேர்மாறா நடந்தது. கரைவலைக் கயிறு இழுக்கேக்கப் பாடுற அம்பாப் பாட்டைக் கேட்டுக்கொண்டு மணலில இருக்கேக்க உன்ட தவறணைதான் ஞாபகத்துக்கு வந்தது.

உப்புவெளியில, கடலைப் பார்த்த ஒரு விடுதி முத்தத்தில நம்மட பொடியள் சேர்ந்து ஒரு பாண்ட் வாசிச்சவங்கள். கிதார், பேஸ், வயலின், மத்தளம், உடுக்கு, றபான், பிறகு மரப்பெட்டி மேல குந்தியிருந்து அடிக்கிறாங்களே, அந்தக் கஹோன். மகன்தான் என்னை இழுத்துக்கொண்டு போனவன். எனக்குப் போக மனமில்லை. நாட்டார் பாட்டுக்கு மேல கீபோர்டைக் கொட்டிப்போட்டு 'கலப்பு இசை' எண்டு பேர் வைக்கிற சாமான்களைக் கேட்டுக் காது புளிச்சுப் போன ஆள் நான், உனக்குத் தெரியும்தானே. நல்லகாலம், இவங்களிட்டக் கீபோர்ட் இருக்கேல்லை.

பகல் முழுக்க அனலா அடிச்ச கச்சான் காத்து பொழுதுபட ஓய்ஞ்சிட்டுது. முன்வரிசைக் கதிரையில வெள்ளைக்காரர், பின்னுக்கு மணலில நாங்கள், அதுக்கும் பின்னால மதிலில ஏறிக் குந்தியிருந்து இலவசமாப் பார்க்கிற வாண்டுகள். டிக்கெட் ஒண்டும் இல்லை, நீல வாளி ஒண்டு கையோட கை சுத்தி வந்தது. அண்டைக்கு நல்லா உழைச்சது இறால் வடைக்காரர்தான் எண்டு நினைக்கிறன்.

முதல் பாட்டுகளைப் பத்தி எழுத ஒண்டுமில்லை. பேஸ் சத்தத்தில சொல்லு ஒண்டும் விளங்கேல்லை. பிறகு திருக்கடலூர்ப் பக்கத்து ஐயா ஒருத்தரை மேடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாங்கள். சாரம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட், கையில ஒண்டுமில்லை. கரைவலையில முன்னுக்கு நிண்டு அம்பா பாடினவராம்.

ஐயா "ஏலேலோ" எண்டு எடுக்க, கஹோன்காரப் பொடியன் ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு எண்டு பிசகாமல் எண்ணி அடிச்சான். ஐயா ஒவ்வொரு வரிக்கும் பிந்தினார். பக்கத்தில இருந்த அக்கா ஒருத்தி "பாவம், வயசு போச்சு, தாளம் பிடிபடுகுதில்லை" எண்டா. நான் ஐயாட காலைப் பார்த்துக்கொண்டிருந்தன். வரி எடுக்க முதல் வலக் குதிக்காலைப் பலகையில அழுத்தி ஊண்டுறார். ரெண்டு கையும் மைக் கம்பியை இறுக்கிப் பிடிச்சிருக்கு. உடம்பு மெல்லப் பின்னுக்குச் சாயுது. சாய்ஞ்சு முடியத்தான் அந்த 'லோ' வந்து விழுகுது. மனிசன் அங்க நிண்டு கயிறு இழுக்கிறார் மச்சான்! வலை பாரமெண்டால் வரி நீளும், லேசெண்டால் கட்டையாகும். அதை நாலு நாலா எண்ணி வெட்டினால் அந்தாள் என்ன செய்யிறது?

சின்ன வயசில டச்சுக்குடாவில நாங்கள் மீனுக்காகக் கயிறு பிடிச்சது ஞாபகமிருக்குதா? வள்ளம் வலையைச் சுத்தி வளைச்சுப் போட்டுட்டு மற்றக் கயிறோட கரைக்கு வரும். ரெண்டு பக்கமும் தூர நிண்டு இழுக்கத் தொடங்குற ஆக்கள் கிட்டக் கிட்ட வருவாங்கள். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணிப்போகும் எண்டு வலைச் சொந்தக்காரச் சம்மாட்டி தூஷணத்தால ஏசுவார். ஒரு கயிறில நிக்கிற அத்தனை பேரும் ஒரே மூச்சில சாயவேணும், அதுக்குத்தான் அம்பா. உனக்கு அப்பவே குரல் இல்லை, ஆனால் பின்பாட்டுக்கு நீதான் பெரிசாக் கத்துவாய்.

கொஞ்ச நேரத்தால அந்தக் கஹோன்காரன் தலையை நிமித்தி ஐயாட காலைப் பார்த்துட்டான். எண்ணுறதை விட்டுட்டான். குதிக்கால் ஊண்டினபிறகுதான் அடி. பேஸ்காரன் ஒருக்கா அவனைத் திரும்பிப் பார்த்துட்டு வாசிக்கிறதையே நிப்பாட்டினான், அண்டைக்கு அவன் செய்த வேலையில அதுதான் திறம். அதுக்குப் பிறகு பாட்டு வேற பாட்டு. மீன் சேர்ந்த வலைமடி கரைக்கு வருகுதெண்ட மாதிரி ஐயா வரியைச் சுருக்கிச் சுருக்கி வேகமெடுக்க, பின்னுக்கு இருந்த எங்கட ஆக்கள் தாங்களாகவே பதில் குடுக்கத் தொடங்கிட்டாங்கள். மதிலில இருந்த வாண்டுகளும் சேர்ந்துதுகள்.

முடியப் போய் ஐயாவோட கதைச்சன். அந்தப் பொடியள் அவற்ற பாட்டை முதலில போனில பதிஞ்சு, கணக்குக்கு வெட்டி ஒட்டித்தான் ஒத்திகை பார்த்தவங்களாம். "அவங்களில பிழையில்லை தம்பி, கயிறு இல்லாமல் பாடுறது எனக்கே கஷ்டம்" எண்டார். இப்ப கடற்கரையில பாடுறீங்களா எண்டு கேட்டன். "இப்ப உழவு இயந்திரத்தில வின்ச் பூட்டியெல்லோ இழுக்கிறாங்கள். மெசினுக்கு என்னத்துக்குப் பாட்டு?" எண்டு சிரிச்சார். உங்கட கப்பலுக்கு நீராவி, எங்கட கரைக்கு உழவு இயந்திரம். அதுக்காக வின்ச்சைத் திட்ட நான் ஆளில்லை. அந்தக் கயிறு இழுத்த ஆக்கள்ட கையும் நாரியும் எப்பிடி இருந்ததெண்டு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

ஆனால் அடுத்ததா வந்ததைக் கேட்டபிறகுதான் எனக்கு ஒண்டு உறைச்சது. பாலையூற்றில இருந்து வந்த ஒரு பறங்கி அங்கிள் வயலினைத் தோளில வச்சு ஒரு கபிரிஞ்ஞா இழுத்தார். கூட றபானும் கிதாரும், வேற ஒண்டுமில்லை. 1620களில இங்க கோட்டை கட்டின போர்த்துக்கேயர்ட பாஷையை இண்டைக்கும் வீட்டில கதைக்கிற சனம் திருகோணமலையிலயும் மட்டக்களப்பிலயும் இருக்குதுதானே, அவங்கட பாட்டு. ஆறெண்ணிக்கைத் தாளம், பாட்டுத் தொடங்க முதல் கால் தானா ஆடத் தொடங்கிடும். பொலிஸில இருந்த வொலி பெஸ்டியன் பைலா எண்ட ஆட்டப்பாட்டாக்கினது இந்தத் தாளத்தைத்தான். பாண்ட் பொடியள் இதில ஒண்டையும் திருத்தப் போகேல்லை, திருத்தத் தேவையும் இருக்கேல்லை. இன்னும் அவங்கட கலியாண வீட்டில இந்தப் பாட்டுக்கு ஆடுறாங்கள். ஆட ஆள் இருக்கும் வரைக்கும் எவ்வளவு வேகமா வாசிக்கவேணும், எங்க நிப்பாட்டவேணும் எண்டதை ஆடுறவங்கட காலே சொல்லிக் குடுத்திடும். அம்பாவுக்கு அப்பிடிச் சொல்லிக் குடுக்க இப்ப மிச்சமிருக்கிறது ஐயாட குதிக்கால் ஒண்டுதான். அவர் பாடுறதைப் பதிஞ்சு வைக்கிறவங்கள் குரலை மட்டும் பதியாமல் வீடியோவா எடுக்கவேணும், அதுவும் கால் தெரிய. இதை மகனிட்டச் சொல்லி, அவன் அந்தப் பொடியளிட்டச் சொல்லியிருக்கிறான்.

வழக்கம்போல ஒருத்தன் பின்னுக்கு நிண்டு "சுராங்கனி, சுராங்கனி" எண்டு கத்தினான். இலங்கையில எந்த மேடையிலயும் இது தப்பாது. அதைப் பாடிப் பேரெடுத்த மனோகரன் 2018இல செத்தும் இவங்கள் அவரை விடுறதாயில்லை. பாண்ட் பொடியன் மைக்கில "அது வீட்டில கேளுங்க அண்ணன்" எண்டான், எல்லாரும் சிரிச்சாங்கள்.

கடைசியில கிண்ணியாப் பக்கத்துத் தங்கச்சி ஒண்டு மச்சானுக்கும் மச்சிக்கும் நடக்கிற கவிகள் கொஞ்சம் பாடினா. தாளமே இல்லை, வயலின் மட்டும் ஒரு சுரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. வெள்ளைக்காரர் கொஞ்சப்பேர் அந்த நேரம் எழும்பிப் போட்டினம், பசி போல. எனக்கு அந்தக் கவியைப் பத்தித் தனியா எழுதவேணும், இந்தக் கடிதத்துக்குள்ள அடக்க ஏலாது.

நீ ஓகஸ்டில வாறதெண்டு எழுதினது உறுதிதானே? பாண்ட் பொடியள் கடல் குழம்ப முதல் இன்னொருக்கா வாசிக்கப் போறாங்களாம், திகதியை அறிஞ்சு எழுதுறன். முழங்காலுக்கு மணலில நடக்கிறது சரிவராட்டில் முன்வரிசைக் கதிரை ஒண்டு வெள்ளைக்காரரோட சண்டை பிடிச்செண்டாலும் எடுத்துத் தருவன். பிறகு முக்கியமான விஷயம்: அந்தப் பறங்கி அங்கிளிண்ட வயலினில மெல்லிய கம்பி கபிரிஞ்ஞா பாதியில அறுந்து போச்சு, மனிசன் மிச்சம் மூண்டு கம்பியில வாசிச்சு முடிச்சவர். இங்க கிடைக்கிற கம்பி ஒரு கிழமைக்கும் தாங்காதாம். முழு அளவு வயலினுக்கு நல்ல செட் ரெண்டு வாங்கிக்கொண்டு வா, காசு நான் தாறன். மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் அன்பைச் சொல்லு.

உன்ட பழைய வாங்குத்தோழன்