வெளி உலகம் உண்டா? ஐயப்படவும் காரணம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புலன்கள் ஏமாற்றுகின்றன, கனவிலும் உலகம் தெரிகிறது, ஆகையால் வெளியே ஏதேனும் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தத்துவம் கற்பிப்பவர்கள் என்ற முறையில் இதற்கு மறுமொழி எழுதுவது எங்கள் கடமை என்று நினைக்கிறோம்.

ஒரு விஷயத்தில் கட்டுரையாளர் சொல்வது சரி. தன் எண்ணங்கள் அத்தனையையும் வல்லமை மிக்க ஓர் ஏமாற்றுக்காரன் புகுத்தியிருக்கலாமே என்று பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட் 1641-இல் கேட்டார். மனத்துக்குள் தோன்றுவதை மட்டும் வைத்துக்கொண்டு, அப்படி இல்லை என்று கணிதத் தேற்றம் போல நிறுவ இன்றுவரை வழி கிடைக்கவில்லை. 1939-இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜி.இ. மூர் தம் இரு கைகளையும் காட்டி, இதோ வெளிப்பொருள்கள் இரண்டு என்றார். ஐயவாதிகள் அதற்கு அசையவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ‘தேற்றமாக நிறுவ முடியாது’ என்பதிலிருந்து ‘தெரியாது’ என்பதற்குத் தாவ நியாயம் ஏதும் இல்லை.

மணிமேகலையின் 27ஆம் காதை, அறிவில் நேரும் பிழைகளை எட்டாகப் பிரிக்கிறது. இப்பியை (சிப்பியை) வெள்ளி என்று கொள்வது திரியக் கோடல். தறியோ மகனோ என்று மயங்குவது ஐயம். இரண்டும் ஒன்றல்ல. மாலை மங்கலில் உயரம் தெரிகிறது, கை கால் தெரியவில்லை, ஆகவே கட்டையா ஆளா என்று ஐயம் எழுகிறது. ஐயம் பிறக்க இன்னின்ன நிலைமைகள் வேண்டும் என்று பழைய தர்க்க நூலான நியாய சூத்திரமும் வரையறுக்கிறது. அப்படிப் பிறந்த ஐயம், எதைப் பார்த்தால் அது தீரும் என்பதையும் தன்னுடனேயே கொண்டுவருகிறது. கிட்டே போய்ப் பார்க்கலாம்.

தில்லிக்காரர்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறோம். குளிர்காலத்தில் வீட்டில் வைத்திருக்கும், காற்றில் உள்ள தூசை அளக்கும் சிறிய காற்றுமானியின் எண்ணை நம்பலாமா என்ற ஐயத்துக்குக் காரணம் இருக்கிறது. அது துகள்களில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியை வைத்துக் கணக்கிடுகிறது. மூடுபனியில் ஈரத்தை உறிஞ்சித் துகள்கள் பருப்பதால் எண் கூடுதலாக வரும். கண்காணிப்பு நிலையங்களில் உள்ள பீட்டாக் கதிர்க் கருவியில், காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்து, வடிநாடாவில் படிந்த தூசு எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்று அளப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். ‘எல்லாமே கனவாக இருந்தால்?’ என்ற கேள்விக்கு இப்படி ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லை. எந்தக் கருவி எந்த எண்ணைக் காட்டினாலும் அது மாறாது. ஒரு தகவலும் தராத கேள்வியை ஆழமான கேள்வி என்று மாணவர்களிடம் சொல்லிக்கொடுப்பது வருத்தம் தருகிறது.

மனம் தானே படைத்துக்கொள்ளாத ஒன்று வெளியிலிருந்து நம்மைத் திருத்துகிறதா என்று கேட்பதுதான் பயனுள்ளது. இதை வாசகர்களே சோதிக்கலாம். பிப்ரவரி நடுப்பகுதி ஏற்ற காலம். தில்லியில் அப்போது வெயில் தெளிவாக இருக்கும், சென்னையிலும் மழை இராது.

ஒரு மீட்டர் அகலமுள்ள பலகையை மொட்டை மாடியில் போடுங்கள். தண்ணீர் வடிய மாடித்தளத்தைச் சரிவாகவே போட்டிருப்பார்கள். அதனால் ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் அட்டை செருகிப் பலகையை மட்டமாக்க வேண்டும். தெற்கு விளிம்பை ஒட்டி ஒரு குச்சியை நட்டு, அதன் உச்சியில் 2 மி.மீ. துளையிட்ட சிறு அட்டையை ஒட்டுங்கள். துளை பலகையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். வெறும் குச்சியின் நிழலுக்குக் கூர்மையான முனை கிடையாது. சூரியன் வானில் அரை பாகை அகலமாக இருப்பதால் நிழலின் ஓரம் சில மில்லிமீட்டர் கலங்கித் தெரியும். துளை வழியாக விழும் ஒளிப்பொட்டின் நடுவை எளிதாகக் குறிக்கலாம். துளைக்கு நேர் கீழே தூக்குக்குண்டு தொடும் புள்ளியை மையமாகக் கொண்டு 40 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். குச்சியின் அடியை மையமாகக் கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் விடை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

காலையில் பொட்டு வட்டத்தைத் தொட்டு உள்ளே நுழையும் நேரத்தையும், பிற்பகலில் அதே வட்டத்தைத் தொட்டு வெளியேறும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே வருவதுதான் அந்த இடத்தின் உச்சிப்பொழுது. நம் பழைய வானியலார் சங்கு எனப்படும் நிழற்குச்சியை நட்டுச் செய்த முறை இது. மிகக் குட்டையான நிழலைத் தேடிப் பயனில்லை, ஏனென்றால் உச்சியை ஒட்டி அதன் நீளம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. வட்டத்தைத் தொடும் வேளையில் நிமிடத்துக்குச் சுமார் 2 மி.மீ. மாறுவதால் நேரத்தைச் சரியாகப் பிடிக்கலாம்.

தில்லியில் காலை 10.24, பிற்பகல் 2.46 என்று வந்தால் நடுநேரம் 12.35. யாரும் எதிர்பார்க்கும் எண் அல்ல இது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது, தில்லி இருப்பது 77.2-இல். பாகைக்கு 4 நிமிடம் என்று 21 நிமிடம் தாமதம். பூமியின் சாய்ந்த அச்சும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து அந்த வாரத்தில் இன்னும் 14 நிமிடம் கூட்டுகின்றன. நவம்பர் தொடக்கத்தில் அதே காரணங்கள் 16 நிமிடம் குறைப்பதால் உச்சி 12.05-க்கே வந்துவிடும். ஜந்தர் மந்தரில் 1724-இல் கட்டப்பட்ட சம்ராட் எந்திரம் என்ற பெரிய சூரியக் கடிகாரம் அளந்ததும் இந்த உள்ளூர்ச் சூரிய நேரத்தைத்தான்.

அதே நாளில் சென்னையில் இருக்கும் உறவினரையும் செய்யச் சொல்லுங்கள். அங்கே சூரியன் உயரத்தில் இருப்பதால் வட்டத்தின் ஆரம் 26 செ.மீ. போதும். அவருக்கு 12.23 வரும், ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் முன்பின்னாக இருக்கலாம். 12 நிமிட வித்தியாசம். வரைபடத்தில் இரண்டு ஊருக்கும் இடையே உள்ள 3 பாகைக்கும் அதே 12 நிமிடம்தான். தொடர்பில்லாத வழிகள் ஓர் எண்ணில் வந்து கூடுவதுதான் அறிவியலில் ஐயம் தீரும் விதம். அணு உண்டா என்று ஆஸ்ட்வால்ட் போன்ற பெரிய வேதியியலாளரே தயங்கிய காலத்தில், பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் பெர்ரன் பல தனித்தனி வழிகளில் ஒரே அவகாட்ரோ எண் (ஒரு மோல் பொருளில் உள்ள துகள்களின் எண்ணிக்கை) வருவதைக் காட்டினார். ஆஸ்ட்வால்டும் பிறகு அணுவை ஏற்றுக்கொண்டார்.

சென்னை உறவினரும் உங்கள் கனவில் வருபவர்தானே என்று கேட்கலாம். இந்தக் கேள்வியைப் பௌத்தத் தத்துவவாதி வசுபந்துவைவிடக் கூர்மையாகக் கையாண்டவர் குறைவு. புறப்பொருள் இல்லையென்றால் காட்சி குறித்த இடத்திலும் குறித்த காலத்திலும் மட்டும் வருவது ஏன், ஒருவருக்கு மட்டுமன்றி அங்குள்ள எல்லாருக்கும் வருவது ஏன், அதனால் காரியம் நடப்பது ஏன் என்ற நான்கு தடைகளையும் விம்சதிகா என்ற தம் நூலில் அவரே எழுப்பிக்கொள்கிறார். கனவிலும் இடமும் காலமும் உண்டு, பிரேதங்கள் என்னும் பசித்த ஆவிகள் பல கூடி ஒரே சீழ் ஆற்றைக் காண்கின்றன, அவற்றின் ஒத்த வினையே அதற்குக் காரணம் என்று விடையும் சொல்கிறார். கவனிக்க வேண்டியது, அவர் பிற மனங்களைக் கைவிடவில்லை என்பதே. தில்லியில் ஒரு மனத்தையும் சென்னையில் ஒரு மனத்தையும் 12 நிமிட இடைவெளியில் பிணைப்பது எதுவோ, அது அந்த இருவரில் ஒருவர் நினைப்பதால் வருவதல்ல. அதை வினை என்பதா, பருப்பொருள் என்பதா, கணினி என்பதா என்பது வேறு வழக்கு. உலகம் எதனால் ஆனது என்ற கேள்வி அது. உண்டா என்ற கேள்வி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

தாமே தன்னந்தனியாக இந்தக் கனவைக் காண்பதாக ஒருவர் விடாப்பிடியாகச் சொன்னால், 10ஆம் நூற்றாண்டு நியாய அறிஞர் உதயணர் சொன்னதைத்தான் சொல்ல முடியும். ஐயத்துக்கு எல்லை, அது ஐயப்படுபவரின் செயலோடு மோதும் இடம். நெருப்பில்லாமலும் புகை வரலாம் என்பவர் புகை வேண்டும்போது நெருப்பைத்தான் மூட்டுகிறார். வெளியே வாசகர் உண்டா என்று தெரியாது என்பவர் நாளிதழுக்குக் கட்டுரை அனுப்புகிறார்.

கட்டுரையில் திருத்த வேண்டியவை மூன்று. நாம் கணினிப் பாவனைக்குள் (கணினியில் ஓடும் போலி உலகுக்குள்) வாழ்கிறோம் என்று தத்துவவாதி நிக் போஸ்ட்ரம் 2003-இல் நிறுவவில்லை. நாகரிகங்கள் அப்படியொரு பாவனையைப் படைக்கும் ஆற்றலை எட்டுமுன் அழிகின்றன, எட்டினாலும் அத்தகைய பாவனைகளை ஏறக்குறைய ஓட்டுவதில்லை, அல்லது நாம் பெரும்பாலும் அதற்குள் இருக்கிறோம் என்ற மூன்றில் குறைந்தது ஒன்று உண்மை என்பதே அவர் வாதம். 2022 இயற்பியல் நோபல் பரிசு, உலகம் இல்லை என்று காட்டியதற்கும் அல்ல, பிணைந்த துகள் இணைகளை அளந்த சோதனைகளுக்கு. ஒளியைவிட விரைந்த தொடர்பு இல்லாமல், அளப்பதற்கு முன்பே துகள்களின் மதிப்புகள் நிலைத்திருந்தால் அந்த அளவீடுகளை ஒப்பிட்டுப் பெறும் ஒரு கூட்டுத்தொகை 2-ஐத் தாண்டக்கூடாது. குவாண்டம் கணக்கு 2.83 வரை அனுமதிக்கிறது, சோதனைகளில் 2 தாண்டியது. கைவிட வேண்டியது அந்த அனுமானங்களில் ஒன்றை, உலகத்தை அல்ல. சங்கரரையும் ‘வெளியே ஒன்றும் இல்லை’ என்றவராகக் கட்டுரை காட்டுகிறது. பிரம்ம சூத்திரம் 2.2.28-இன் உரையில் அவர் மறுப்பது அந்தக் கொள்கையைத்தான். அடுத்த சூத்திரத்தின் உரையில், கனவில் கண்டது விழித்ததும் பொய்யாகிறது, விழிப்பில் கண்ட தூண் அப்படிப் பொய்யாவதில்லை என்று இரண்டையும் பிரித்தும் காட்டுகிறார்.

இப்படிக்கு,
தத்துவ ஆசிரியர்கள் இருவர்
ஆர்.கே. புரம், புதுதில்லி