பொருள்: நான்கு மாதமாகக் கடிதம் வராமை தொடர்பாக

டெர்பிஷயர்,
15 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. பிரித்ததும் சிரித்துவிட்டேன். பெற்ற மகளுக்கு எழுதும்போதுகூட அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு எழுத உங்களால்தான் முடியும். ‘பார்வை: தங்களின் 11.02.2025 நாளிட்ட கடிதம்’ என்ற வரிக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பிப்ரவரிக்குப் பிறகு நான் எழுதவே இல்லையா? போனில் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். அந்தப் போனும் மழை வந்தால் இல்லை. கிடைக்கிற ஐந்து நிமிஷத்திலும் என் பாப்பா வாங்கி, ‘என்ன சாப்பிட்ட?’ என்று கேட்டுவிட்டு ஓடிவிடுகிறாள். மன்னித்துக்கொள்ளுங்கள். மனு ஏற்கப்பட்டது, விளக்கம் கீழே.

மே கடைசியிலேயே நீலகிரிக்கு ரெட் அலர்ட் என்று கேள்விப்பட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. கோடி வீட்டு அத்தையின் சமையலறைச் சுவர் சாய்ந்ததை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்மேடு எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுதுங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். கோட்டயத்துச் சேச்சி மார்ச்சில் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அறை முழுவதும் இப்போது எனக்கே, விசாலமாக இருக்கிறது. வாடகை என்ன ஆகிறது என்று அம்மா கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம். முதியோர் இல்லத்தில் இரண்டு மாதமாக எனக்கு ஷிஃப்ட் கொஞ்சம் குறைவு. உடம்புக்கு ஓய்வு கிடைக்கிறது, நல்லதுதான்.

குளிர் இப்போது இல்லை. இரவு ஒன்பதரைக்குக்கூட வெளிச்சம் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் படுக்கவே மனசு வருவதில்லை. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் எனக்குத் தலை வலிக்கும், அதனால் போடுவதில்லை. இங்கே நூலகத்தில் குளிர்காலத்தில் யார் வேண்டுமானாலும் வந்து கதகதப்பாக உட்காரலாம் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, டீயும் தருகிறார்கள். லீவு நாளில் அங்கேயே போய்விடுவேன். ஃபிளாஸ்க் பாட்டியோடு பழக்கமானதும் அங்கேதான்.

ஃபிளாஸ்க் பாட்டியைப் பற்றி அக்காவிடம் போனில் சொல்லியிருக்கிறேன், உங்களிடம் சொன்னேனா தெரியவில்லை. பக்கத்து வீடு. வயது 78. எங்கே போனாலும் கையில் ஒரு ஃபிளாஸ்க், ஒரு நோட்டு. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் நான், எனக்கே டீ போடச் சொல்லித் தருகிறார். போன மாதம் என் வாசலில் ஒரு கட்டு ருபார்ப் வைத்துவிட்டுப் போனார். பார்க்கச் சிவப்புச் சேம்பந்தண்டு மாதிரி இருக்கும். இலை விஷம், தண்டுதான் சாப்பாடு. இவர்கள் சர்க்கரை கொட்டிக் கிண்டுகிறார்கள். எனக்கு அந்தப் புளிப்பை வீணாக்க மனசு வரவில்லை. எலுமிச்சைக்குப் பதில் அதைத் தட்டிப் போட்டு மிளகாயோடு கட்டசம்பல் இடித்தேன். ரொட்டியோடு அம்மாவின் கட்டசம்பலுக்குக் கிட்டத்தட்ட பக்கத்தில் வந்தது. பாட்டிக்கும் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வர வர இரண்டு ரொட்டி சாப்பிட்டார்.

இந்தப் பாட்டி பதினொரு வருஷமாக ஒரே விஷயத்துக்காக ஊர்ச்சபைக் கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் உட்காருகிறார்: ஆற்றோர ஒற்றையடிப் பாதையில் நாய் அசிங்கம் செய்வதை நிறுத்த வேண்டும். எந்தத் தேதியில் சொன்னார், யார் என்ன பதில் சொன்னார்கள் என்று எல்லாம் நோட்டில் இருக்கிறது. யார் ஞாபகம் வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரியில் என்னையும் கூட்டத்துக்கு இழுத்துப் போனார். உண்மையைச் சொன்னால் அந்த அறையில் ஹீட்டர் ஓடும் என்றுதான் போனேன். இங்கே மூன்று அடுக்கு, அப்பா. கீழே ஊர்ச்சபை: பெஞ்சு, விளையாட்டு மைதானம், இடுகாடு மாதிரி விஷயங்கள். நடுவில் வட்டாரச் சபை, குப்பை அள்ளுவது அவர்கள். மேலே மாவட்டச் சபை: ரோடு, பள்ளிக்கூடம். நம் ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ச்சபை உறுப்பினர்களுக்கு இங்கே சம்பளம் இல்லை. மாதம் ஒரு கூட்டம், ஊர் மண்டபத்தில். ஆரம்பத்தில் கால் மணி நேரம் பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிஷம். வந்திருந்த பொதுமக்கள் மொத்தம் நான்கு பேர், என்னையும் சேர்த்து. நம் கிராம சபையில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ வந்ததும் நழுவுகிறார்களே, இங்கே கையெழுத்துப் போடக்கூட ஆள் இல்லை.

மார்ச் கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். (இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.) ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே பஸ் கிடையாது. டியூட்டிக்கு முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். குளிர்காலத்தில் அந்த நேரம் கும்மிருட்டு, நடுவில் ஒரு வளைவில் நடைபாதையே இல்லை. அதைச் சொன்னேன். முதல் நாள் இரவு எழுதி வைத்துக்கொள்ள உட்கார்ந்தபோது, ‘தங்கள் மேலான கவனத்துக்குப் பணிந்து சமர்ப்பிக்கிறேன்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ‘அந்த வளைவில் ஒரு நாள் நான் அடிபட்டுச் சாவேன்’ என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எழுத்தர் குறிப்பில் எழுதிக்கொண்டார், மாவட்டச் சபைக்குக் கடிதம் போட்டார்கள். பதில் வந்துவிட்டது. ‘ஆவன செய்யப்படும்’ என்பதற்கு இவர்களிடமும் ஒரு வாக்கியம் இருக்கிறது.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது உங்கள் மஞ்சள்பைதான் ஞாபகம். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஊட்டி கலெக்டர் ஆபீஸுக்குப் போவீர்கள். பட்டாவுக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று, யானை மிதித்த வாழைக்கு ஒன்று என்று மனுக்கள். செக்‌ஷன் 17 நிலம், பட்டா தராமல் இழுக்கிற 1969ஆம் வருஷத்து ஜன்ம நிலச் சட்டம் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கும் பாடம் நடத்துவீர்கள். நான் எட்டாவது படித்தபோது ஒரு தடவை கூடலூர் வரை அதே பஸ்ஸில் வந்தேன். கூட இருந்த பிள்ளைகள் ‘மனு தாத்தா’ என்று சிரித்தார்கள். நான் பின்சீட்டில் உட்கார்ந்து உங்களைத் தெரியாத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும். இறங்கும்போது என்னைப் பார்க்காமலே இறங்கினீர்கள்.

சரி, சந்தோஷமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கிணறுக்கும் ஊற்றுக்கும் பூ அலங்காரம் செய்வது ஒரு திருவிழா. டிசிங்டன் என்ற ஊரில் செய்வதுதான் பெயர் பெற்றது. இயேசு விண்ணேறிய நாளில் செய்வார்கள், இந்த வருஷம் மே 29. மற்ற ஊர்கள் ஆளுக்கொரு தேதியில் செப்டம்பர் வரை வைத்துக்கொள்கின்றன. பெரிய கொள்ளைநோய் வந்த காலத்தில் அந்த ஊர் ஊற்றுத் தண்ணீர்தான் காப்பாற்றியது என்று கதை சொல்கிறார்கள். நம் மாரியம்மன் திருவிழாவில் கரகம் பாலிக்க ஆற்றுக்குப் போகிறோம், இவர்கள் பூவை எடுத்துக்கொண்டு தண்ணீரைத் தேடிப் போகிறார்கள்.

‘பூ ஒட்ட ஆள் தேவை, முன்னனுபவம் வேண்டாம்’ என்று நூலகத்தில் ஒட்டியிருந்தது. ஷிஃப்ட் இல்லாத நாள்தானே என்று போனேன். ஊறவைத்த பெரிய மரப்பலகை. அதன்மேல் உப்புப் போட்டுக் குழைத்த களிமண் அப்பியிருக்கும், உப்பு ஈரத்தைக் காக்குமாம். காகிதத்தில் வரைந்த படத்தை மேலே விரித்து ஊசியால் குத்திக் குத்திக் கோட்டை மண்ணில் இறக்குகிறார்கள். கோட்டின்மேல் விதை, பயறு, குட்டிக் காய்கள் எல்லாம் பதித்த பிறகுதான் பூவிதழ். கீழேயிருந்து மேலே, ஓடு வேய்கிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி அழுத்த வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் வழிந்துவிடும். நம் தோட்டத்துப் பங்களா வாசலில் கொத்துக் கொத்தாக நீலப்பூ பூக்குமே, அதை எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தார்கள். முதல் பத்து நிமிஷம் ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார்கள். அப்புறம் என் விரலைப் பார்த்துவிட்டு வானம் முழுவதையும் என்னிடம் விட்டுவிட்டார்கள். கொழுந்து பறித்தவள் மகளாயிற்றே என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் கல்சுவர் வரைய ஒரு டப்பாவை நீட்டினார்கள். திறந்தால் காப்பிக்கொட்டை. வாசனை முகத்தில் அடித்தது. வாசலில் பாய் போட்டு நீங்கள் காப்பி காய வைத்திருக்கிறீர்கள், மேகம் வந்ததும் அம்மா ‘அள்ளு, அள்ளு’ என்று கத்துகிறாள், பாப்பா காப்பிக்குள் காலை விட்டு உழக்கிக்கொண்டிருக்கிறாள். அங்கேயே, அத்தனை பேருக்கும் நடுவில், அழுதுவிட்டேன் அப்பா. பூத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். இங்கே பாதிப் பேருக்கு அந்த வியாதி உண்டு, நம்பிவிட்டார்கள். பாட்டி மட்டும் ஒன்றும் பேசாமல் ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றித் தந்தார்.

இன்னொன்று. இதைத் தனிக் கடிதமாக எழுத நினைத்திருந்தேன். மே 1ஆம் தேதி இங்கே மாவட்டச் சபைத் தேர்தல். நான் ஓட்டுப் போட்டேன்.

அவசரப்பட்டு என் பாஸ்போர்ட்டை மாற்றிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். காமன்வெல்த் நாட்டுக்காரர் முறையான விசாவோடு இங்கே குடியிருந்தால் ஓட்டு உண்டு, பார்லிமெண்டுக்கும் சேர்த்து. கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தபோது விசாவில் ஏதோ சிக்கல் என்று நடுங்கிப்போய்ப் பாட்டியிடம் காட்டினேன். அவர்தான் விளக்கினார். அடையாளத்துக்கு நம் இந்தியப் பாஸ்போர்ட்டையே காட்டினேன், வாங்கிப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். பென்சிலால் பெருக்கல் குறி போட வேண்டும். வாசலில் இரண்டு நாய்களைக் கட்டிப் போட்டிருந்தார்கள், போலீஸ் இல்லை, வரிசை இல்லை. விரலில் மை வைக்கவில்லை. நான் பழக்கத்தில் இடது கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

தாத்தா இலங்கையில் தோட்டத்திலேயே பிறந்து அங்கேயே உழைத்தவர். 1948இல் சட்டம் போட்டுக் குடியுரிமை இல்லை என்றார்கள், மறு வருஷம் ஓட்டையும் எடுத்தார்கள். அப்புறம் 1964இல் இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பிரித்துக்கொண்டதை நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். 1977இல் இந்தியாவில் முதல் ஓட்டுப் போட்ட அன்று, மை அழிந்துவிடும் என்று தாத்தா இடது கையைத் தூக்கிக்கொண்டே குளித்த கதையும் அப்படித்தான். பிறந்த மண் அவருக்குத் தராததை, வந்து ஒரு வருஷம் ஆன எனக்கு இந்த ஊர் ஒரு பென்சிலோடு தந்துவிட்டது. சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாருக்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள். நீங்களும் சொன்னதில்லை.

இனி வீட்டு விஷயம்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு நீங்கள் போவீர்கள், தெரியும். அக்காவையும் கூட்டிப் போங்கள், இந்தத் தடவை அவள் பேசட்டும். ஜனவரியிலிருந்து தலைவரும் இல்லை, தனி அலுவலர்தான் என்பதால் யாரும் போவதில்லை என்று எழுதியிருந்தாள். அதனால்தான் போக வேண்டும். அங்கன்வாடி வளைவில் விளக்கு. யானை நிற்பது தெரியாமல் பாப்பா அந்த வழியாகத்தான் நடக்கிறாள். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே எழுந்திருக்கச் சொல்லுங்கள், நகலும் கேட்டு வாங்கட்டும்.

பட்டா வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிற ஆளுக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நாற்பது வருஷமாக உங்கள் மனுவுக்குக் கிடைக்காதது அவன் பைக்குள் எப்படி வரும்?

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வந்திருக்கும். பேங்க்கில் ஏதோ பிடித்துக்கொண்டார்கள், அடுத்த மாதம் சரியாகிவிடும். சீட்டுப் பணத்தை மட்டும் முதலில் கட்டிவிடுங்கள். திருப்பூரிலிருந்து உங்கள் மாப்பிள்ளை இந்த வாரம் வந்தால் பாப்பாவுக்கு மழைக்கோட்டு வாங்கி வரச் சொல்லுங்கள், போன வருஷத்தது முழங்கைக்கு வந்துவிட்டது என்றாள். ஒன்றாம் வகுப்பில் புது டீச்சர் எப்படி? முன்பல் விழுந்ததா, இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறதா? முழங்கால் வலியோடு ஊட்டி பஸ்ஸில் நின்றுகொண்டு போகாதீர்கள். மருந்து தீர்ந்ததா என்று எழுதுங்கள். மண்மேட்டைப் பற்றியும்.

இப்படிக்கு,
உங்கள் சின்ன மகள்

இணைப்பு: பூப்பலகை போட்டோ 1, காப்பிக்கொட்டை 1 (பாப்பாவிடம் கொடுக்கவும், வாயில் போட்டுவிடப் போகிறாள், களிமண் ஒட்டியிருக்கிறது).