பம்பரம் மட்டும் கொடுத்தால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி மைதான விளையாட்டுகள் மறைந்துவருவது பற்றிய தங்கள் கட்டுரை, பழி முழுவதையும் செல்பேசி மீது போட்டிருந்தது. பம்பரத்தைப் பொறுத்தவரை அது பாதிதான் உண்மை. பாரம்பரிய விளையாட்டு நாள் என்று பம்பரத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சாட்டையை, அதாவது பம்பரக் கயிற்றை, சுற்றச் சொல்லித்தர ஆளில்லை. நாலு தடவை உருண்டு ஓடியதும் பிள்ளைகளுக்கு அலுத்துவிடுகிறது.

குறை பெரும்பாலும் கயிற்றில்தான். நைலான் மரத்தில் வழுக்கும். முறுக்கிய பருத்திக் கயிறு ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். ஒரு முனையில் பெரிய முடிச்சு, அல்லது துளையிட்ட சோடா மூடியைக் கோத்து ஒரு முடிச்சு, விரலிடுக்கில் நிற்பதற்கு. மறுமுனையை நனைத்து, ஆணியை ஒட்டி வைத்து, முதல் இரண்டு சுற்றை இறுக்கிப் போட வேண்டும். மற்றவை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகப் படியட்டும். தளர்ந்தால் வீசுவதற்குள் கழன்றுவிடும். ஏறினால் கயிறு சிக்கி, பம்பரம் வீசியவர் பக்கமே திரும்பும். இடதுகைப் பழக்கமுள்ள பிள்ளை எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். இதை யாரும் சொல்லாததாலேயே அந்தப் பிள்ளைகள் ‘எனக்கு வராது’ என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

முன்னால் வீசி, கயிறு பிரிந்து முடியும் தறுவாயில் வெடுக்கென்று பின்னிழுக்க வேண்டும். முந்தினால் பம்பரம் குப்புற விழும். இது கைக்குப் பழக வேண்டியது. வாயால் சொல்லி வராது.

பம்பரம் உதறினால் ஆணி மையம் விலகியிருக்கிறது என்று பொருள். சாய்ந்த பக்கத்திலிருந்து லேசாகத் தட்டி நிமிர்த்தலாம். முனையை அரத்தால் கொஞ்சம் மழுக்கினால் தரையைக் குடையாது. மணலில் ஆணி புதையும், வழவழப்பான தளத்தில் பம்பரம் நழுவி ஓடும். கெட்டிப்பட்ட மண்தரையே நல்லது.

அடுத்தது அபீட்டு: சுற்றும் பம்பரத்தின் ஆணியில் சாட்டையை வளைத்து, சுண்டித் தூக்கிக் கையில் பிடிப்பது. விளையாட்டின் அழகே இதில்தான் இருக்கிறது. கடைசியாக எடுப்பவரின் பம்பரம் வட்டத்துக்குள் போகும். மற்றவர்கள் தங்கள் பம்பரத்தை வீசி, ஆணியால் அதைக் குத்தி ஆக்கர், அதாவது குத்துத் தழும்பு, வைப்பார்கள். ஆபத்தும் அங்கேதான். எல்லாரும் ஒரே பக்கம் நின்று, ஒருவர் பின் ஒருவராக வீச வேண்டும். எதிரே யாரும் நிற்கக் கூடாது, வெறுங்காலும் கூடாது. சின்ன வகுப்புகளுக்கு ஆக்கர் வேண்டாம், அபீட்டோடு நிறுத்தலாம்.

விளையாட்டு நாளுக்கு ஒரு வாரம் முன்பே, பம்பரம் தெரிந்த பெரியவர்களைப் பள்ளிகள் மைதானத்துக்கு அழைக்க வேண்டும் என்று தங்கள் இதழ் வலியுறுத்தினால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்