கொம்பிரஷன் 9 என்று விற்றீர்கள், வந்தது 10.1

பெறுநர்: முறைப்பாட்டுப் பொறுப்பாளர்
விடயம்: ஸ்னோமொபைல் எஞ்சினுக்கான டர்போ செற், சொன்னபடி இல்லை

வணக்கம்.

போன் எடுத்தால் "பொஸ் வெளியில போயிருக்கிறார்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை, அதனால் எழுத்தில் தருகிறேன். யமஹா ஆர்எக்ஸ்-1 ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) எஞ்சினுக்கு உங்களிடம் டர்போ செற், அதாவது புகையின் விசையால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி, வாங்கியவன் நான். திருகோணமலையில் பனி எங்கே கொட்டுகிறது என்று உங்கள் கடைத் தம்பி சிரித்தார், சிரிக்கட்டும். கனடாவில் இருக்கும் மச்சான் எஞ்சினைக் கழற்றிக் கப்பலில் அனுப்பினார், நான் அதை ஒரு சின்ன ஸ்பீட் போட்டில் ஏற்றுகிறேன். காசு கட்ட முன்பே இதெல்லாம் உங்களுக்கு எழுதினேன்: கடல் மட்டம், வெக்கை, இங்கே கிடைக்கும் பெற்றோல். "பிரச்சினை இல்லை அண்ணே, கொம்பிரஷனை 9க்கு இறக்கிற தகடு செற்றுக்குள்ளேயே இருக்கு, பூட்டிட்டு ஓடுங்க" என்று பதில் போட்டீர்கள். அந்த மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது. கொம்பிரஷன் என்பது சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் சேர்ந்த கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற எண், தகடு என்பது சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையில் வைப்பது.

பூட்ட முதல் தகட்டை மைக்ரோமீற்றரில் பிடித்துப் பார்த்தேன். 1 மில்லிமீற்றர்.

சரி, கணக்குப் பார்ப்போம். சிலிண்டர் விட்டம் 74 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 58. அப்படியென்றால் ஒரு சிலிண்டருக்கு 249.4 சிசி. புதிதாக வரும்போது இதன் கொம்பிரஷன் 11.8, ஆகவே பிஸ்டன் மேலே முட்ட வந்து நிற்கும்போது மிச்சம் இருக்கும் இடம் 23.1 சிசி. 74 விட்டத்தில் 1 மில்லிமீற்றர் தகடு வைத்தால் கூடுவது 4.3 சிசிதான். இரண்டையும் கூட்டினால் 27.4. 249.4ஐயும் 27.4ஐயும் கூட்டி 27.4ஆல் பிரித்தால் கொம்பிரஷன் 10.1. நீங்கள் சொன்ன 9 வர வேண்டுமென்றால் 31.2 சிசி இடம் வேண்டும், தகடு கிட்டத்தட்ட 1.9 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். ஓஎல் படிக்கும் பிள்ளை கொப்பியில் போட்டுக் காட்டும் கணக்கு இது, பெட்டியில் பெரிய எழுத்தில் 9 என்று அச்சடித்தவருக்கு ஏன் வரவில்லை என்று விளங்கவில்லை.

இதற்குப் பதிலாக 1.9 தகடு அனுப்புகிறோம் என்று சொல்லிவிடாதீர்கள். தகடு தடிக்கத் தடிக்க பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் இடையில் உள்ள நெருக்கம் போய்விடும். அந்த நெருக்கம்தான் கலவையை நடுவுக்குத் தள்ளிக் கலக்கி வேகமாக எரிய வைக்கிறது, ஓரத்தில் தனியாக வெடிக்காமல் காக்கிறது. கொம்பிரஷனைக் குறைப்பதே நொக்கிங் (கலவை தானாக வெடித்து எஞ்சினை அடிப்பது) வராமல் இருக்கத்தான், அதைக் குறைக்கிறேன் என்று நொக்கிங்குக்கு இன்னொரு கதவைத் திறந்து வைப்பதில் என்ன பயன்? ஒழுங்கான வழி தலை தாழ்ந்த பிஸ்டன்கள். விலை கூட, தெரியும்.

இதைவிடப் பெரிய மறைப்பு கேம் பக்கத்தில், அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டுகளில். பிஸ்டன்கள் சுழற்றும் கீழ்த் தண்டான கிராங்க்தான் செயினால் கேமைச் சுழற்றுகிறது. ஹெட்டை உயர்த்தினால் கிராங்குக்கும் கேமுக்கும் இடையில் தூரம் கூடுகிறது, செயினின் இழுக்கும் பக்கம் அதற்கு ஏற்ப நீள வேண்டும், ஆகவே இரண்டு கேமும் கொஞ்சம் பின்னால் திரும்பி நிற்கும். கேம் சக்கரத்தின் ஆரம் 35 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால் 1 மில்லிமீற்றருக்கு கேமில் 1.6 பாகை, கிராங்கில் 3.3 பாகை பிந்தும். உங்கள் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. திருத்துவதற்கு நீள்துளை வெட்டிய கேம் சக்கரம் வேண்டும், செற்றில் அதுவும் இல்லை.

"கேம் பிந்தினால் டர்போவுக்கு நல்லதுதானே" என்று உங்கள் மெக்கானிக் சொன்னார். அரைவாசி சரி, அரைவாசி பிழை. டர்போ பூட்டினால் எக்ஸோஸ்ட் (புகை வெளியேறும்) பக்கத்து அழுத்தம் பல நேரங்களில் உள்ளே தள்ளும் அழுத்தத்தைவிடக் கூடிவிடும், இரண்டு பக்க வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் எரிந்த சூட்டுக் காற்று திரும்பி சிலிண்டருக்குள் வரும். அதனால் அந்த நேரத்தைக் குறைக்க வேண்டும், இன்டேக் (காற்று உள்ளே வரும் பக்கத்து) கேமைப் பிந்த வைத்து எக்ஸோஸ்ட் கேமை முந்த வைக்க வேண்டும். தகடு வைத்தால் இரண்டும் ஒரே அளவில் பிந்துகின்றன. சேர்ந்து திறந்திருக்கும் நேரம் ஒரு பாகைகூடக் குறையவில்லை, எக்ஸோஸ்ட் கேமோ போகவேண்டிய திசைக்கு நேர் எதிராகப் போயிருக்கிறது. எத்தனை பாகையில் நிறுத்த வேண்டும் என்று கேட்டேன். "ஃபெக்டரி மார்க்குக்கே வையுங்க" என்றார். பிறகு எதற்கு ஐயா இந்தச் செற்?

பனி மலையில் ஓடுகிறது, இங்கே ஏன் ஓடாது என்றும் கேட்டீர்கள். 3000 மீற்றர் மலையில் காற்றழுத்தம் 0.7 பார் அளவில்தான், டர்போ 0.5 தள்ளினாலும் எஞ்சினுக்குள் போவது 1.2. காற்றும் உறைய வைக்கும் குளிர் காற்று. இங்கே உப்புவெளிக் கரையில் அதே 0.5, 1.5 பார் ஆகிறது, காற்றோ 30 பாகைக்கு மேல். மலையில் 10.1 தாங்கலாம், இங்கே தாங்கும் என்று நான் என் பிஸ்டனை வைத்துப் பந்தயம் கட்டமாட்டேன்.

அப்புறம் பெற்றோல். கையேட்டில் "91 ஒக்டேன் போதும்" என்று இருக்கிறது. ஒக்டேன் என்பது பெற்றோல் நொக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்ற எண். அது வட அமெரிக்கப் பம்பில் எழுதும் எண், இரண்டு முறையில் அளந்து சராசரி எடுப்பது. நம் நாட்டுப் பம்பில் எழுதுவது அதில் ஒன்றான, கூடுதலாகக் காட்டும் எண் மட்டும். அவர்களுடைய 91 கிட்டத்தட்ட நம்முடைய 95க்குச் சமம், நம்முடைய 92 அவர்களின் 87 பக்கத்தில் நிற்கும். சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கி நிற்கும் ஊர் இது, ஆனாலும் பம்பில் வழக்கமாகக் கிடைப்பது 92ம் 95ம்தான். கையேட்டை நம்பி ஒருவர் 92 அடித்தால், "91ஐவிடக் கூடத்தானே" என்று நிம்மதியாக இருப்பார், நடுக் கடலில் பிஸ்டன் ஓட்டையாகும்வரை. இங்கே விற்கும் பொருளுக்கு இங்கத்தைய கையேடு போட வேண்டாமா?

எனக்கு வேண்டியது இதுதான். 9 கொம்பிரஷனுக்கான பிஸ்டன் நான்கும், நீள்துளை கேம் சக்கரம் இரண்டும், இரண்டு கேமுக்கும் பாகைக் கணக்கும் மேலதிகக் காசு இல்லாமல் அனுப்புங்கள். முடியாதென்றால் செற்றைத் திருப்பி எடுத்து முழுக் காசையும் தாருங்கள், கொழும்புக்கு அனுப்பும் செலவும் உங்களுடையது. "பெட்டி திறந்தால் திருப்ப முடியாது" என்ற பில் வாசகத்தைக் காட்டாதீர்கள், பெட்டியைத் திறக்காமல் தகட்டை எப்படி அளப்பது? தகடு எஞ்சினில் ஏறவில்லை, கீறல்கூட இல்லை.

இரண்டு கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் உங்கள் மெசேஜ், பெட்டியின் படம், மேலே போட்ட கணக்கு எல்லாவற்றையும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குக் கொடுப்பேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இந்த மாதிரி வேலைக்குத்தான் இருக்கிறது. போனில் பேசுவதற்கு இனி ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
திருகோணமலை வாடிக்கையாளர்
(பில் பிரதியும் மைக்ரோமீற்றர் படமும் இணைத்துள்ளேன்)