உழவு முதலில், விருந்தினர் பிறகு

ஆசிரியருக்கு,

வணக்கம். ஐரோப்பியக் கிராமச் சுற்றுலா பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் மலைக்காட்சிகள் கண்ணைப் பறித்தன. அந்த ஊர்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பதுதான் விடுபட்டுவிட்டது.

இத்தாலியில் பண்ணைவீட்டுச் சுற்றுலாவுக்கு 1985இலேயே தனிச் சட்டம் வந்தது. 2006இல் வந்த புதிய சட்டப்படி, விருந்தினரைத் தங்கவைப்பவர் முதலில் விவசாயியாக இருக்க வேண்டும். அறைக்கும் சாப்பாட்டுக்கும் செலவாகும் உழைப்பு நேரத்தைவிட வயல்வேலைக்குச் செலவாகும் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும். விருந்தினர் பத்துப் பேருக்கு மேல் போகாவிட்டால் இந்தக் கணக்குக்கூடத் தேவையில்லை. ஆக, நிலத்தை விற்றுவிட்டு லாட்ஜ் கட்டியவர் பண்ணைவீட்டுச் சுற்றுலா என்ற பெயரைப் பலகையில் மாட்ட முடியாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

1976 நிலநடுக்கத்துக்குப் பின் அதே இத்தாலியின் பிரியூலி பகுதியில் சீரமைத்த வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. அங்கே பிறந்ததுதான் ஊரெங்கும் பரவிய விடுதி என்ற யோசனை. புதுக் கட்டடம் கிடையாது. வரவேற்பறை ஒரு தெருவில், படுக்கையறை அடுத்த தெருவில். மழை பெய்தால் குடை நம் பொறுப்பு!

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் இதற்கு நேர்மாறு. சுமார் 750 பேர் வாழும் ஊரில் கோடையில் ஒரே நாளில் 10,000 பேர் வரை வந்து இறங்குகிறார்கள். 2023இல் ஊர்மக்களே போராட்டத்தில் இறங்கினார்கள். பஸ்ஸில் வந்து படமெடுத்துப் போகிறவர்களால் தங்கும் விடுதிக்கு என்ன வருமானம்?

அடுத்த கட்டுரையில், எங்கே இரவு தங்கலாம், எந்த மாதம் கூட்டம் குறைவு என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி